ஒரு கேள்விக்கு ஒரு பக்கம்

எங்கள் ஆபீஸ் எட்டயபுரம் ரோட்டில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. படிக்கட்டு தெருவைப் பார்த்து இறங்குவதால், கோவில்பட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் படியில் நின்று அண்ணாந்து பார்த்து வழி கேட்பார்கள். பத்திர ஆபீஸ் எங்கன இருக்கு என்று கேட்டால் நான் ஜன்னல் வழியாக ஒரு வழி சொல்வேன். எங்களிடம் டிசைன் வேலை பார்த்த முருகேசன், அது சுற்று என்று இன்னொரு வழி சொல்வார். கீழே பெயின்ட் கடைக்காரரும் சும்மா இருக்க மாட்டார். மூன்றும் சரியான வழிகள்தான். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். போனவர் நாலு கடை தள்ளி நின்று வேறொருவரிடம் அதையே மறுபடி கேட்கிறார் என்பதை நாங்கள் கவனித்ததே இல்லை. எங்கள் வெப்சைட்டுகளுக்கு எழுதும் வேலைக்கு வந்த அந்த அம்மாதான் கவனித்தார்.

அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் படியடியில் நின்று எங்கள் மூன்று வழிகளையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய், "இந்த ரோட்டுலயே நேராப் போங்கய்யா. தண்ணி டேங்கு வரும். அதுக்கு எதுத்தாப்புல பச்சை கேட்டு" என்றார். பெரியவர் போய்விட்டார். மேலே வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இனிமே யாராச்சும் ஒருத்தர் மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. அவிய பாவம், நின்னு குழம்புதாவ."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. முதலாளி நான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எழுதிய எந்தப் பக்கத்திலும் பெயர் போட்டுக்கொண்டவர் இல்லை. அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். நிறம் மங்கிய நூல் சேலை, பெரிய கண்ணாடி, காதோரத்தில் செருகிய பென்சில். பேனாவில் எழுதி நான் பார்த்ததில்லை. எதை எழுதினாலும் அச்சடித்துக் கழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால்தான் எழுதுவார். எங்களிடம் வருவதற்கு முன் பத்து வருடம் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் போன் எடுக்கிற வேலை. தீப்பெட்டிப் பண்டல்கள் வடக்கே போகிற, துணி மூட்டைகள் தெற்கே வருகிற ஆபீஸ் அது. மூன்று மேஜையில் மூன்று போன். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக்காரருக்கு ஒரு மேஜையில் பார்சல் வந்துவிட்டது என்றும், இன்னொரு மேஜையில் நாளைக்குத்தான் வரும் என்றும், மூன்றாவதில் அது பழைய குடோனில் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் நாள் முழுக்க இரண்டு குடோனுக்கும் நடந்து, கடைசியில் அந்த அம்மாவின் மேஜை முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் இந்த அம்மா மூன்று போனையும் தன் மேஜைக்கே கொண்டுவரச் சொல்லி நின்றிருக்கிறார். அதற்கு முதலாளி ஒத்துக்கொள்ளும் வரை மத்தியானம் சாப்பிடப் போகவில்லை என்று அந்த ஆபீஸ்காரர் ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்று வருடம்தான் எங்களோடு இருந்தார். பிறகு தங்கை குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். அந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததில் கொஞ்சம்தான் இது.

வெப்சைட் என்றால் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்கு விளக்க வேண்டியிருந்த காலம். பிரவுசிங் சென்டராக ஆரம்பித்த நான், தீப்பெட்டி ஆபீஸ்கள், மில்லுக்கு உதிரிபாகம் செய்கிறவர்கள், கடலைமிட்டாய்க் கடைகள் என்று ஒவ்வொருவராகப் பிடித்து வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசித்தான் வேலை எடுப்பேன். பக்கம் கூடினால் எனக்கு நல்லது. வாடிக்கையாளருக்கும் அதுதான் நல்லது என்று நானே நம்பினேன். கடைக்குப் பத்து வாசல் வைத்தால் பத்து வழியாகவும் ஆள் வருவார்கள் அல்லவா?

கடலை உடைக்கிற மெஷின் செய்யும் பட்டறை ஒன்றுக்கு அப்படிப் பதினோரு பக்கம் செய்துவைத்திருந்தேன். கோவில்பட்டியில் கடலை உடைக்கும் மெஷின், எட்டயபுரத்தில் கடலை உடைக்கும் மெஷின், விளாத்திகுளத்தில் கடலை உடைக்கும் மெஷின் என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். மற்றதெல்லாம் ஒன்று. பட்டறை முதலாளி ஒருநாள் வந்து, இரண்டு வருடமாகியும் ஒரு போன்கூட வரவில்லை என்று சத்தம் போட்டார். நான் பன்னிரண்டாவதாக ஒரு பக்கம் போடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொறுங்க அண்ணாச்சி, முதல்ல இருக்கதை வாசிச்சிருதேன்" என்றார் அந்த அம்மா.

பதினோரு பக்கத்தையும் அச்செடுத்து, ஆபீஸ் தரையில் வரிசையாகப் பரப்பி, மின்விசிறிக்குப் பறக்காமல் தாளுக்கொரு பொருளைத் தூக்கி மேலே வைத்து, ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசித்தார். எழுதியவன் நானே அவற்றை முழுதாக வாசித்ததில்லை. வாசித்து முடித்ததும் தேடுபொறியில் அதே சொற்களைப் போட்டு ஒரு வாரம் தினமும் பார்த்துக் குறித்தார். திங்கட்கிழமை எட்டயபுரம் பக்கம் முப்பதாவது இடத்தில் வந்தது. புதன்கிழமை அது போய் விளாத்திகுளம் பக்கம் நாற்பதாவதில் வந்தது. வெள்ளிக்கிழமை எதுவுமே இல்லை.

"பதினொண்ணும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிட்டு நிக்கி. எதைக் காட்டணும்னு அதுக்கும் தெரியல. அதான் எதையுமே காட்ட மாட்டேங்கு."

பிறகு அவர் செய்த காரியம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. இரண்டு நாள் அந்தப் பட்டறைக்குப் போய் இரும்புத் தூளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்கள் முதல் வாக்கியத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். மெஷின் வாங்க வருகிறவர்கள் ஒரு மாதிரிக் கேட்டார்கள். வாங்கிய மெஷினின் சல்லடை கிழிந்துபோய் வருகிறவர்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள். பதினோரு பக்கத்தை இரண்டாக்கினார். வாங்குகிறவருக்கு ஒன்று, சல்லடை தேடுகிறவருக்கு ஒன்று. மற்ற ஒன்பது முகவரிகளுக்கும் வருகிறவர்களை அந்த இரண்டில் உரியதற்குத் திருப்பிவிட்டார்.

பட்டறை முதலாளி கொதித்துப்போனார். "ஏம்மா, பதினோரு பக்கத்துக்குத் துட்டு குடுத்திருக்கேன். நீ ரெண்டாக்கிட்டேன்னு சொல்லுதியே?"

"ரெண்டு பேருதான முதலாளி கேட்டு வாராவ? மூணாவது ஆளு ஒருத்தரு வேற ஏதாவது கேட்டு வரட்டும். அன்னிக்கே மூணாவது பக்கம் போட்டுத் தாரேன்."

இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில் பட்டறை முதலாளி எங்கள் படியில் ஏறி வந்தார். ஆந்திராப் பக்கத்திலிருந்து போன் மேல் போன் வருகிறதாம். தெலுங்கு பேசத் தெரிந்த ஒரு உறவுக்காரரை போன் எடுக்க உட்கார வைத்திருக்கிறாராம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா பக்கத்து மேஜையில் அடுத்த வெப்சைட்டை அச்செடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வேலை முடிந்த கையோடு நாங்கள் செய்துகொடுத்த எல்லா வெப்சைட்டுகளையும் அப்படியே ஒருமுறை பார்த்து, ஒரு பட்டியல் எழுதி என் மேஜையில் வைத்தார். முதல் வரி: "ஆஸ்பத்திரி. பாம்புக்கடி. ஐந்து பக்கம். அவசரம்."

ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. டாக்டர் எங்கள் பெரிய வாடிக்கையாளர். எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் மழை விழுந்து களையெடுப்பு ஆரம்பித்தால் பாம்புக்கடி இல்லாத வாரம் இருக்காது. அதனால் டாக்டர் நினைத்துக்கொள்ளும் போதெல்லாம் அதைப்பற்றி ஒரு பக்கம் போடச் சொல்வார். முதல் பக்கம் நான் தொழில் ஆரம்பித்த புதிதில் செய்தது. நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பார்க்கக் கண் கூசும். இரண்டாவது ஒரு விழிப்புணர்வு முகாமுக்காக. மூன்றாவது, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிழைக்க வைத்த செய்தி, டாக்டரின் பெரிய படத்தோடு. நான்காவது எட்டயபுரம் கிளைக்கு. அங்கே இருந்த டாக்டர் திருநெல்வேலிக்குப் போய்விட்டதால் கிளையை மூடி எட்டு மாதமாகியிருந்தது. பக்கம் மட்டும் இருந்தது. ஐந்தாவது அந்த அம்மாவே சேர்ந்த புதிதில் எழுதியது. இரண்டு மத்தியானம் நர்சுகளோடு உட்கார்ந்து கேட்டு எழுதினார். எங்கள் ஆபீஸிலிருந்து வெளிவந்தவற்றில் அதைப்போல நேரான எழுத்து இன்னொன்று இல்லை.

பட்டியலைப் பார்த்தேன். டாக்டர் ஒன்றும் குறை சொல்லவில்லையே என்று தோன்றியது. பக்கங்களைக் குறைக்கிறோம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயமும் இருந்தது. அதன்மேல் ஒரு டிக்‌ஷனரியைத் தூக்கி வைத்தேன். அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார். "பாப்போம்மா" என்றேன். இரண்டு மாதம் போயிற்று.

ஐப்பசியில் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் போன் செய்தார். கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். உளுந்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் விரலில் சுருட்டை விரியன் கடித்திருக்கிறது. வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு போன் போட்டிருக்கிறார். மகன் தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, எட்டயபுரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும், உடனே போங்கள் என்று சொல்லியிருக்கிறான். மெயின் ரோட்டுக்கு வந்த ஆட்டோ கோவில்பட்டிப் பக்கம் திரும்பாமல் எட்டயபுரத்துக்குத் திரும்பியிருக்கிறது. அங்கே பூட்டின கதவு. அக்கம்பக்கத்தில் விசாரித்து, மறுபடி அதே ரோட்டில் வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகிவிட்டது. பல் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது.

"உங்க பக்கத்தப் பாத்துட்டுத்தான் போயிருக்காங்க" என்றார் டாக்டர். "எனக்கு நல்லா வாய்ல வருது."

போனை வைத்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து எழுந்து வந்தார். சொன்னேன். சொல்லும்போது என் கை தானாக அந்த டிக்‌ஷனரிமேல் போய் நின்றது. அவரும் அதைப் பார்த்தார். அன்று மட்டுமல்ல, அதன்பிறகும் ஒருநாள்கூட, நான் முன்னாலேயே சொன்னேனே என்று அவர் சொன்னதில்லை.

"உசிரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

"அஞ்சாவதா ஒண்ணைக் கொண்டுபோய் வெச்சது நான்தான அண்ணாச்சி" என்றார். "ஏற்கெனவே நாலு இருக்கான்னு பாக்காம எழுதிட்டேன்."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதற்காக மட்டும் வரவில்லை என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே மகன் நின்றிருந்தான். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த முகம். அருகில் போனதும் அந்த அம்மா கேட்டார்:

"தம்பி, நேத்து என்ன எழுதித் தேடுனீங்க?"

அவனுக்குப் புரியவில்லை. "நீங்க யாரு?"

"அந்தப் பக்கத்தைச் செஞ்ச ஆபீசுலருந்து வாரோம். தப்பு எங்க மேலதான். நீங்க என்ன வார்த்தை போட்டீங்க, அப்படியே சொல்ல முடியுமா?"

அவன் முகம் மாறியதைப் பார்த்து நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். "எங்கம்மா உள்ள கிடக்கா. உங்களுக்கு வார்த்தை வேணுமா? வெளிய போங்க. போங்கன்னா!" நர்சுகள் ஓடிவந்தார்கள். நான் அந்த அம்மாவின் கையைத் தொட்டு, வாங்க போயிருவோம் என்றேன். அவர் வாசல் வரை வந்தார். அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்க அண்ணாச்சி. நான் இருந்து வாரேன்."

எனக்கு அன்று அவரைப் பார்க்கப் பயமாகக்கூட இருந்தது. இந்த நேரத்தில் போய் இதையா கேட்பார்கள்? காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை அந்த பெஞ்சில் இருந்திருக்கிறார். மூன்று மணிக்கு, ரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, மகனே வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தானாம். அவன் சொன்னதை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். நான் அதை வாசித்தேன்.

அவன் ஆங்கிலத்தில் பாம்புக்கடி, ஆஸ்பத்திரி, எட்டயபுரம் என்ற மூன்று சொற்களைப் போட்டிருக்கிறான். ஊருக்குப் பக்கத்தில் அவனுக்கு நினைவில் வந்த பெரிய பெயர் எட்டயபுரம்தான். முதலாவதாக எங்கள் நான்காவது பக்கம் வந்திருக்கிறது. அதை அவன் திறக்கவே இல்லை. தலைப்புக்குக் கீழே தெரிந்த இரண்டு வரியை மட்டும் வாசித்துவிட்டு அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறான். கீழே இரண்டாவதாக அந்த அம்மாவின் பக்கம் இருந்திருக்கிறது. அதன் தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்ததால், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டான்.

"தெறந்துகூடப் பாக்கல. ரெண்டே வரி" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு வரத்தான் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஐந்து பக்கங்களும் தரையில் விரிந்தன. "நாலை அழிச்சிட்டு உங்களோடதை வெச்சுக்கிடுவோம். இப்பமே அழிச்சிருதேன்" என்றேன்.

"அழிக்கக் கூடாது அண்ணாச்சி. பழைய முகவரிய எங்கயாவது எழுதி வெச்சிருப்பாவ. அது வழியா ஒருத்தரு வந்தா வெறும் சுவருதான் இருக்கும். அதுக்கு அந்தப் பூட்டுன கதவே பரவால்ல. அஞ்சுல ஒண்ணு நிக்கட்டும். மத்ததுக்கு வாரவங்களை அந்த ஒண்ணுக்குத் திருப்பி விட்டுருவோம்."

எது நிற்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் எழுதியதுதான். ஆனால் அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். வேறு எந்தெந்த வெப்சைட்டிலும் நோட்டீசிலும் இந்த ஐந்துக்கு வழிகாட்டியிருக்கிறார்கள் என்று தேடித் தேடி எழுதினார். மூன்றாம் நாள் என் முதல் பக்கத்தை, அந்த நீலமும் மஞ்சளுமான கோரத்தை, எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"இதுதான்."

"இதா? ஏம்மா, உங்களோடது எவ்வளவு நல்லா இருக்கு!"

"நல்லா இருந்து என்ன செய்ய? ஒரு பள்ளிக்கூடம் இதைக் காட்டியிருக்கு. மும்பைல இருக்க நம்ம ஊர்க்காரங்க சங்கம் இதைக் காட்டியிருக்கு. முகாமுக்குன்னு தனிப் பக்கம் இருந்தும் நோட்டீசுல அச்சடிச்சது இதத்தான். என்னோடத ஒருத்தரும் கைகாட்டல. ஊருக்குத் தெரிஞ்ச வாசல் இதுதான் அண்ணாச்சி."

தன் பக்கத்தை அவரே பிரித்தார். வரி வரியாக எடுத்து என் பக்கத்துக்குள் வைத்தார். என் வாக்கியங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, முகவரி மட்டும் மிஞ்சியது. அவருடைய பக்கத்தில் முகவரியும் மிஞ்சவில்லை. அதை நான் எழுதியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனா என்று அன்று என்னையே கேட்டுக்கொண்டேன். அந்த நீலத்தை வெள்ளையாக்கி மஞ்சள் எழுத்தைக் கறுப்பாக்கலாமா என்று அவர் என்னிடம் அனுமதி கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. தன் படம் இருக்கிற பக்கத்தில் கை வைக்கக் கூடாது என்றார்.

"அது அங்கனயே இருக்கட்டும் சார். உங்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட நினைக்கவங்க அதை வாசிப்பாவ. பாம்பு கடிச்சுத் தேடுறவங்க வேற ஆளு. தலைப்புல இருக்க பாம்புக்கடிய மட்டும் எடுத்துருதேன்."

"எந்த நோயாளி என்ன தேடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீ என்ன டாக்டரா?"

"இல்ல சார். பார்சல் ஆபீசுல போன் எடுத்தவ" என்று சொல்லிவிட்டு அந்த மருந்துச் சீட்டை அவர் முன்னால் வைத்தார். டாக்டர் அதை ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு, செய்ங்க என்று கையைக் காட்டினார்.

அன்று சாயங்காலமே வேலை முடிந்தது. எட்டயபுரம் பக்கத்தைத் திறந்தால் இப்போது கோவில்பட்டிப் பக்கம் வந்து நின்றது. முதல் வரியே "எட்டயபுரம் கிளை இப்போது இல்லை. நேராகக் கோவில்பட்டிக்கு வாருங்கள்" என்றிருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அம்மா மட்டும் தேடுபொறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே தலைப்புக்குக் கீழே அந்தப் பழைய இரண்டு வரி அப்படியே இருந்தது.

"அது மாற ரெண்டு மூணு வாரம் ஆகும்மா" என்றேன். "நம்ம கையில இல்ல. திறந்து பாத்தா சரியாத்தான வருது?"

"அந்தத் தம்பி தெறக்கலையே."

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் எட்டயபுரம் போனார். பூட்டிய கதவில் ஒட்டுவதற்குப் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதிக்கொண்டு போயிருந்தார். ஆஸ்பத்திரி இங்கு இல்லை, கோவில்பட்டிக்குப் போங்கள், போகிற வழியிலேயே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள். பக்கத்துத் தையல் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு, பத்தரைக்கெல்லாம் ஆபீஸ் வந்துவிட்டார். அதற்கடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். மழையில் தாள் இரண்டு தடவை நைந்துபோக, பால் கவரை வெட்டி மேலே மூடி ஒட்டினார். திரும்பி வந்ததும் ஊரில் இருந்த மூன்று பிரவுசிங் சென்டருக்கும் போய் அதே மூன்று சொற்களைத் தட்டிப் பார்ப்பார். நம்ம கம்ப்யூட்டர் நமக்குப் பழகியதைக் காட்டும், அதை நம்பக் கூடாது என்பார். செருப்பில் அப்பிய கரிசல் மண்ணைப் படியில் தேய்த்துவிட்டு மேலே வருகிற அந்தச் சத்தத்திலேயே, இன்னும் மாறவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

பத்துப் பதினைந்து நாளானதும் எனக்குப் பொறுக்கவில்லை. "தையல் கடைக்காரர் என்ன சொல்லுதாரு? யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலையாம்."

"பெறகு எதுக்கும்மா தினமும் அலையுதீங்க?"

"வரலைன்னா நல்லதுதான அண்ணாச்சி?" என்றார்.

இதற்கிடையே அந்தப் பெண் வீடு திரும்பிவிட்டார். கடிபட்ட விரல் மட்டும் சரியாக மடங்கவில்லை. அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக மகன் சொல்லித்தான் தெரிந்தது. நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

மூன்று வாரம் தாண்டி ஒருநாள் நான் ஆபீஸுக்கு வந்தபோது என் மேஜையில் ஒரு சிறு தாள் இருந்தது. பென்சிலால் "மாறிட்டு" என்று ஒரே சொல். அந்தப் பழைய இரண்டு வரியைக் காணோம். அதே மூன்று சொல்லைத் தட்டினால் முதலில் ஒரே ஒரு பக்கம், கோவில்பட்டி என்ற பெயரோடும் போன் நம்பரோடும். திறக்காமலே வாசிக்கிற அந்த இரண்டு வரிக்குள் எல்லாவற்றையும் அடக்கியிருந்தார். எட்டயபுரம் கிளை இல்லை என்ற முதல் வரியையும் இனி வேண்டாம் என்று எடுத்துவிட்டிருந்தார். அன்றைக்கு எட்டு மணி பஸ்ஸுக்கு அவர் போகவில்லை. வழக்கம்போல வந்து உட்கார்ந்து அடுத்த வெப்சைட்டை அச்செடுத்தார்.

மாசியில் மிளகாய்ப் பழம் எடுக்கிற சமயம். டாக்டர் எங்கள் படியேறி வந்தார். அவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தது அது ஒரே தடவைதான். அந்த அம்மா வங்கிக்குப் போயிருந்தார். டாக்டர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னார். காலையில் ஒருவரைக் கொண்டுவந்தார்களாம். கண்ணாடி விரியன். எட்டயபுரத்துக்கு ரொம்பப் பக்கத்து ஊர். வெளிநாட்டில் இருக்கிற மைத்துனர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து போனில் வாசித்திருக்கிறார். காலில் கயிறு கட்டவில்லை, கத்தியால் கீறவில்லை, ஆளை நடக்கவிடவில்லை. பாம்பைத் தேடிக்கொண்டும் நிற்கவில்லை. வழியிலிருந்தே போன் வந்ததால் மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம்.

"நான் சும்மா கேட்டேன், எட்டயபுரம் போயிட்டா வாரீங்கன்னு. கூட வந்தவரு என்னய ஒரு மாதிரிப் பாத்துட்டு, எதுக்கு சார் எட்டயபுரம், அங்க என்ன இருக்குன்னு கேக்காரு" என்றார் டாக்டர். "அந்தம்மாட்ட சொல்லிருங்க."

அந்த அம்மா வங்கியிலிருந்து வந்ததும் சொன்னேன். காதோரம் பென்சிலைச் செருகப் போன கை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பேச்சு எட்டயபுரத்துக்கு வந்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். பட்டறைக்காரர் கையைக் குலுக்கியபோது திரும்பிக்கூடப் பார்க்காதவர், அந்தப் பெண் பிழைத்துவிட்டார் என்று கேட்டபோதுகூடத் தலையை மட்டும் அசைத்தவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணாடிக்குக் கீழே கண் ஈரமாகிவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை.

"அங்கன ஒண்ணு இருந்ததே அவியளுக்குத் தெரியலையா?" என்றார். "அங்க என்ன இருக்குன்னா கேட்டாரு?"

"ஆமா" என்றேன். "அப்படித்தான் கேட்டாராம்."